ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மேதை

"இவன் மனுஷனே இல்ல, ஹிலரி. பேய்!" என்றார் கிளைவ் ஆக்ராய்ட், மனைவியிடம். கணினித் திரையில், பாலத்தின் மேல் அவருடைய ஆறு டாங்கிகள் எரிந்துகொண்டிருந்தன.

கிளைவ் யார்க்‌ஷர் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் சரித்திரம் நடத்தியவர். செத்துப்போன தளபதிகளில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு கணினிப் போர் விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்தார்.

"முதல்ல மெஷினோட விளையாடிப் பழகுங்க, சார்," என்றான் செயலாளர் ரோட்னி. அவரிடம் படித்தவன், நூற்றுக்கு முப்பதைத் தாண்டாதவன்.

"மெஷினை ஜெயிச்சு என்னடா பெருமை? ஆளைக் கொடு!"

கொடுத்தான். லீட்ஸ் நகரத்து எட்கர் தாட்டர்சால், சங்கத்தின் பழைய புலி. ஒருவர் தன் படைக்கு உத்தரவு போட்டு ஃபைலை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மற்றவர் தன் பங்கை முடித்துத் திருப்பி அனுப்புவார். எதிரி கண்ணில் பட்டால் படைகள் தானாகவே சுடும். பத்துச் சுற்று. தோற்றவர் சங்கக் கூட்டத்தில், ஏன் தோற்றேன் என்று எழுந்து நின்று விளக்க வேண்டும். ரோட்னி இப்போதே முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டான்.

எட்கரிடமிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் வந்தது: "உங்க முறை. நன்றி."

"நன்றியாம்! நக்கலைப் பாரு!"

"மரியாதைக்குப் போட்டிருப்பாரு, கிளைவ்."

"உனக்கு யுத்தம் தெரியாது. பாலத்துல என்னை அடிச்சான், சரி. துரத்திட்டு ஏன் வரலை? பொறி வெச்சிருக்கான்!"

பொறியில் சிக்கக் கூடாதென்று படையைச் சதுப்பு நிலத்தின் வழியே சுற்றிவிட்டார். ஒன்பது டாங்கிகள் சேற்றில் கழுத்தளவு புதைந்தன.

"அந்தப் பக்கம் என்னைத் தள்ளினதே அவன்தான்!" என்று வியந்து, எதிரி காட்டுக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டுமென்று முடிவுகட்டி, காட்டைத் தகர்க்கப் பீரங்கிகளுக்கு உத்தரவிட்டார். இந்த விளையாட்டில் ஒரு சுற்றில் போடச் சொன்ன குண்டு அடுத்த சுற்றில்தான் விழும். அது தெரியாமல், காட்டைப் பிடிக்க மூன்று பட்டாளங்களை உடனே உள்ளே அனுப்பினார். குண்டு சரியாக அவர்கள் தலையில் விழுந்தது.

பத்தாவது சுற்றில் கிளைவிடம் மிஞ்சியது ஒரு சமையல் வண்டி.

இனி மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. தோற்கடித்தவனை மலையளவு உயர்த்திவிட்டால், தோற்றவனும் சின்ன ஆளில்லை என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு எட்கர் வரவில்லை. வெற்றிக் கேடயத்தை வாங்கிக்கொள்ள அவர் மனைவி டோரீன் வந்து, கேக்கும் தட்டுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிளைவ் வரைபடம் மாட்டி முக்கால் மணி நேரம் விளாசினார்.

"பாலத்துல அந்தப் பொறுமை! சதுப்புல அந்தப் பொறி! காட்டுல அந்த மாயம்! என் மனசை ஒவ்வொரு அடியிலும் படிச்சிருக்கார். சரித்திரத்துல இப்படி ஒரு மூளையை நான் பார்த்ததில்லை!"

கைதட்டல் எழுந்தது. ரோட்னி கூட, வேண்டாவெறுப்பாக, தட்டினான்.

டோரீன் கேக்கை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"தப்பா எடுத்துக்காதே கண்ணு, எட்கர் இடுப்பு ஆபரேஷனுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு, 'முடிந்தது'ங்கிற பட்டனை மட்டும் அமுக்கித் திருப்பி அனுப்புன்னாரு, ஆளுங்களை நகர்த்துறது எப்படின்னு எனக்கு இன்னும் யாரும் சொல்லித் தரலையே!"