ஃபிளைட்டு கீழயா போகும்?

விமான நிலையத்தில் மூன்று நாள் கார் நிறுத்த எவ்வளவு ஆகும் என்று செல்போனில் தேடிப் பார்த்த அன்றுதான் என் அழிவுகாலம் ஆரம்பமானது. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துத் தொலைத்தேன். ஓடுகிற வண்டிக்குக் காசு கேட்டால் நியாயம். டீசல் குடிக்காமல், ஒருத்தரையும் ஏற்றாமல், சும்மா நிற்கிற வண்டிக்கு மணிக்கணக்குப் போட்டு வாங்குவார்களா? எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. (சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று இன்றைக்கும் வாதாடத் தயார். வீட்டில்தான் கேட்க ஆள் இல்லை.)

சென்னையில் இருக்கும் என் தங்கை மகாவின் பெண்ணுக்குக் காதுகுத்து. யாழினிக்கு அப்போது ஒரு வயது. நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மகாவுக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நான் ஒருவன்தான். இந்த மடி இல்லாவிட்டால் இன்னொரு மடி கிடையாது.

"அண்ணே, எங்க மாமனாரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு, ஒங்கண்ணன் கட்டாயம் வந்துருவாராம்மான்னு. நீ வரலைன்னா அந்த வீட்டுல நான் தலைநிமிர முடியாதுண்ணே" என்று போனில் சொன்னாள்.

"தலையே போனாலும் வந்துருவேன்த்தா" என்றேன். போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவன் வாக்குத் தவற மாட்டான் என்று பெருமையாக வேறு சேர்த்துக்கொண்டேன்.

என் மனைவி கலா நான்கு நாள் முன்னதாகவே சீர் சாமான்களோடு பஸ்சில் சென்னைக்குப் போய்விட்டாள். தோட்டையும் அவளே கொண்டு போனாள். (நகையை என்னிடம் விட்டுப் போகாத அளவுக்கு அவளுக்கு விவரம் உண்டு.) எனக்குக் கடையில் சோலி. காய் வரத்து மும்முரமாக இருந்த நேரம். அதனால் காதுகுத்தன்று விடியற்காலையில் மதுரையிலிருந்து விமானம். சலுகை விலையில் டிக்கெட் கிடைத்திருந்தது. என் வாழ்க்கையின் முதல் விமானப் பயணம்.

வானத்தில் போகிற செலவு முடிந்துவிட்டது. பிரச்சினை எல்லாம் தரையில்தான். போடியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?

சொந்தக் காரில் போகலாம் என்றால், மேலே சொன்ன நெஞ்சடைப்பு. அவனியாபுரத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் இருக்கிறார். விமான நிலையத்துக்குப் பக்கம்தான். அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினால் தம்பிடி செலவில்லை. ஆனால் போடியிலிருந்து போகிறவன் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. அரைக்கிலோ ஏலக்காயாவது கொடுக்க வேண்டும், அதுவும் முதல் தரமான எட்டு மில்லி பச்சைக் காயாக. கணக்குப் போட்டேன். அன்றைய ஏலக்காய் விலைக்கு, விமான நிலையத்திலேயே ஒரு வாரம் நிறுத்தலாம். போதாக்குறைக்கு நான் திரும்பி வருவதற்குள் சித்தப்பா குடும்பம் அதே காரில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்துவிடும்.

டாக்சிக்காரர் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியிருக்கும் என்று போக வரக் கேட்டார். பஸ்சில் போனால் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்த நேரத்தில் ஆட்டோக்காரரிடம் மாட்ட வேண்டும்.

"ஏங்க, ஒரு நாளைக்கு டாக்சியில வந்தா சொத்தா அழிஞ்சுரும்?" என்றாள் கலா போனில்.

"அழியாதுதான். ஆனா எதுக்கு அழியணும்ங்கிறேன்" என்றேன்.

அப்போதுதான் பேச்சிமுத்து கடைக்கு வந்தான். ஜீப்பு வைத்திருக்கிறான். மலைக்கு லோடு அடிப்பான், ஆளும் ஏற்றுவான். நல்ல பையன், வாய் மட்டும் ஓயாது.

"பேச்சி, வெள்ளிக்கெழம வெள்ளன ஏர்போர்ட்டுக்குப் போகணும்ப்பா. வண்டி வருமா?"

"வரும்ண்ணே. மேலயாண்ணே?"

இந்த இடத்தில் நான் "எதுக்குப்பா கேக்குற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. போடியில் மேல என்றால் மலை. மெட்டு, பூப்பாறை, மூணாறு எல்லாம் மேல. கீழ என்றால் தேனி, மதுரை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவனுக்கு அந்த ஒரு வாரமாகத் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்க வைக்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன்.

"பின்ன, ஃபிளைட்டு கீழயா போகும்? மேலதான்!"

நாலு பேரும் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தான். அவன் எதற்குச் சிரித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவன் சொன்ன வாடகையைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது. டாக்சியில் கால்வாசிகூட இல்லை. "காய்கறி லோடு கொஞ்சம் கெடக்கும்ண்ணே, சங்கடப்படாதீங்க. நீங்க முன்சீட்டுல ஒக்காந்துக்கங்க. நேரத்துக்குக் கொண்டுபோயி ஏத்தி விட்டுர்றேன்" என்றான். விமானத்துக்குள் வந்து ஏற்றிவிடுவது போலச் சொல்கிறானே, என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். காய்கறி மதுரை மார்க்கெட்டுக்குப் போகிறது என்றும் நானாகவே முடிவு செய்தேன். கலாவுக்குப் போன் போட்டு, "வாடகைய மட்டும் கேட்டுறாத, மயங்கி விழுந்துருவ" என்றேன்.

அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. பேச்சி சொன்ன நேரத்துக்கு வந்தான். பின்னால் கோஸும் கேரட்டும் மூட்டை மூட்டையாக இருந்தன. கேரட் மலையிலிருந்து கீழே வருமா, கீழேயிருந்து மலைக்குப் போகுமா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்தேன். தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது காது இரண்டும் அடைத்திருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தது. வெடவெடவென்று குளிர். விமானம் ஏறும்போது காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்க, உள்ளே ஏசி ஜாஸ்தியா இருக்கும் என்று கலா சொல்லி வைத்திருந்தாள். விழுங்கினேன். டப்பென்று காது திறந்தது. வெளியே பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று மேகம்.

ஏறியாச்சு! சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எப்போது ஏறினோம், யார் ஏற்றிவிட்டது, டிக்கெட்டை யார் பார்த்தது, ஒன்றும் ஞாபகமில்லை. தூக்கக் கலக்கத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று மனசு குளிர்ந்துவிட்டது. மேகத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

மேகத்துக்குள் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

மாடு என்னைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்த்தேன். அதன் வாயில் புல் இருந்தது.

"பேச்சீ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். பின்னாலிருந்து ஒரு கோஸ் உருண்டு வந்து என் பிடரியில் மோதியது.

"என்னண்ணே? கெட்ட கனாவா?"

"இது எந்த எடம்?"

"மெட்டுக்கு வந்துட்டோம்ண்ணே. ஒரே ஒரு வளைவுதான். வெரசா வந்துட்டம்ல?"

"மெட்டுக்கு எதுக்குடா வந்த?"

"நெடும்பாசேரிக்குப் போக வேற எங்கிட்டுண்ணே போறது?" அவன் நிஜமாகவே குழம்பிப் போய்க் கேட்டான். "நம்ம பக்கத்து ஆளுக துபாயி, சவுதி எல்லாம் அங்கிட்டுத்தானே போறாக. பூப்பாறையில எம் மச்சான் வண்டி கொச்சி ஏர்போர்ட்டுக்குப் போகுது. அதுல ஒங்கள ஏத்தி விட்டுர்றேன்னு சொன்னேன்ல?"

"மதுரை ஏர்போர்ட்டுடா!"

"மேலயான்னு கேட்டேன்லண்ணே. மேலதான்னீக. எல்லாருந்தானே சிரிச்சாக?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஜீப்பு தானாகக் கடைசி வளைவைத் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நின்றது போலத்தான் எனக்குத் தோன்றியது. கடைக்காரர் மலையாளி. நான் இறங்கி அவரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? "இங்கேருந்து மதுரைக்கு வெரசாப் போக வேற ஏதாச்சும் வழி இருக்கா?"

அவர் நான் வந்த வழியையே பரிதாபமாகக் கைகாட்டினார். "மதுரையோ? அது தாழெயல்லே சேட்டா!"

ஒரே காலையில் இரண்டு மொழியில் எனக்கு மேல் கீழ் சொல்லிக்கொடுத்தார்கள்.

"திருப்புடா வண்டிய" என்றேன். காய்கறியை இறக்காமலே பேச்சி திருப்பினான். பாவம், அவனும் பயந்துவிட்டான். சாதாரணமாகப் போனாலே விமானத்தைப் பிடிக்க வாய்ப்பில்லை. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு நாலு வளைவு இறங்கியதும் நீளமான ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வரமுடியாது. எங்களுக்குப் பின்னால் வரிசை கட்டி வண்டிகள். விடிந்தது. மூடுபனி விலகியது. கீழே போடி ஊர் முழுக்கத் தெரிந்தது. என் கார் அங்கே என் வீட்டு வாசலில், ஒரு பைசாச் செலவில்லாமல் நின்றுகொண்டிருந்தது. என் திட்டத்தில் அது ஒன்றுதான் பலித்தது.

என் விமானம் நானில்லாமல் கிளம்பியிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் மகாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். பேச்சி ஒரு கேரட்டைத் துடைத்துக் கொடுத்தான்.

நல்ல நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கலாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. மகாவின் கணவனுடைய மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்கள். கூடம் நிறையக் கூட்டம். ஊசியோடு ஆசாரி உட்கார்ந்திருந்தார். மகாவின் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, "மாமன் மடி இல்லாம எப்படிம்மா?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

"மடி இல்லைன்னா என்ன மாமா? அதான் மடிக்கணினி இருக்கே!" என்றாள் என் மனைவி.

முதலில் சிரித்தது அந்த மாமனார்தான். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. மகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கலா சம்மணம் போட்டு உட்கார்ந்து யாழினியை மடியில் வைத்துக்கொண்டாள். கணினியை முழங்காலோடு ஒட்டி வைத்தார்கள். மாமன் பெண்டாட்டி மடியும் மாமன் முகமும் சேர்ந்து ஒரு மாமன் என்று ஏற்பாடு.

பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. திரையில் என் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டியது. நானும் இந்தப் பக்கம் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆசாரி ஊசியை இறக்கினார். பிள்ளை வீறிட்டது. எனக்குப் பதறிப்போய் வாய் பிளந்தது. மலையில் சிக்னல் போனது. என் முகம் அப்படியே உறைந்துவிட்டது. போட்டோக்காரர் அப்போதுதான் படம் எடுத்தார். அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு மகா வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. நடுவில் அழுகிற குழந்தை, சுற்றிலும் சிரிக்கிற சொந்தம், கீழே சின்னச் சதுரத்துக்குள் வாய் பிளந்தபடி நான். எனக்குப் பின்னால் கேரட் தின்றுகொண்டு பேச்சி. பேச்சியைக் காட்டி, இவர் மூத்த மாமனா, இளைய மாமனா என்று கேட்டவர்கள் உண்டு.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யாழினிக்குப் பேச்சு வந்தது. அவள் அப்பா மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் ஓடிவந்து அதைத் தட்டி, "மாமா, மாமா" என்றாளாம். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி மாமா என்று சொல்லிக் கொடுத்ததில், பிள்ளை அந்தப் பெட்டியைத்தான் மாமா என்று நினைத்துவிட்டது. அடுத்த முறை நான் நேரில் போய் வாசலில் நின்று, கையில் பொம்மையோடு குனிந்து, "மாமா வந்திருக்கேன்டா கண்ணு" என்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடி மேசை மேல் மூடியிருந்த கணினியைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் புரண்டு புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். மாமன் எது, கணினி எது என்று வித்தியாசம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வம்புக்கு இழுக்கிறாள். மகாவுக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்திருக்கிறான். வருகிற மாசம் காதுகுத்து. போன வாரம் போன் போட்டு, ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவதாகவும், சொந்தக் காரில் மதுரைக்குப் போய் விமான நிலையத்திலேயே நிறுத்தப் போவதாகவும், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும் என்றும் வீறாப்பாகச் சொன்னேன். மகா நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் யாழினி போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நெசமாவே வர்றீங்களா? இல்ல, மாமாவுக்குச் சார்ஜ் போட்டு வைக்கவா?"