பாயச வண்டிக்கு நான் மாட்டிய பிரேக்

ஒரு வேலை தெரிந்தவனால் ஆபத்தில்லை. தெரியாதவனாலும் பெரிய ஆபத்தில்லை, அவன் ஆளைக் கூப்பிட்டுவிடுவான். அந்த வேலையைப் பற்றி வீடியோ பார்த்தவன் இருக்கிறானே, அவனிடமிருந்துதான் வீட்டையும் நாட்டையும் காப்பாற்ற வேண்டும்.

நான் விழுப்புரத்தில் வீட்டுமனை விற்கும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வாய்தான் முதலீடு. (கருவேலங்காட்டைக் காட்டி 'நிழலுக்குக் குறைவே இல்லை சார்' என்று விற்றிருக்கிறேன்.) என் மனைவி அமுதா எனக்கு நேரெதிர். பேச்சு குறைவு, கைமணம் அதிகம். விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பொம்மையார்பாளையத்தில் ஒரு கடலோர விடுதியை மூடியபோது, அதன் வாசலில் நின்ற உணவு டிரெய்லரை அவளுக்காக வாங்கினோம். அடுப்பு, தொட்டி, பரிமாறும் ஜன்னல் எல்லாம் உள்ள குட்டிச் சமையலறை. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.

அது வெளிநாட்டுச் சரக்கு. சக்கரங்களில் மின்சார பிரேக் இருந்தது. ஆனால் அந்த பிரேக்குக்குக் கட்டளையிட ஜீப்புக்குள் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். நாம் பிரேக்கை மிதித்ததும் அது டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும். அது இல்லையென்றால் ஜீப் நின்றாலும் சமையலறை நிற்காது, நம்மைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும்.

முதல் ஆர்டர் அமுதாவின் தங்கை கயல்விழியின் கல்யாணம். திண்டிவனத்தில் மல்லாட்டை (அதாவது நிலக்கடலை) மண்டி வைத்திருக்கும் என் மாமனார், மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலத்துக்கு பாயசமும் பஜ்ஜியும் மட்டும் செய்யச் சொல்லி மகளுக்கு அரை மனதாக அனுமதி கொடுத்திருந்தார்.

"சமையல்ல எனக்கு சந்தேகமே இல்லம்மா. அந்த வண்டிய மாப்ள இஸ்துகினு வர்றாருன்னியே, அதான் ரோசனையா இருக்குது" என்று போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கோட்டக்குப்பத்தில் காதர் பாய் என்பவர் வெளிநாட்டு வண்டிச் சாமான் வியாபாரம் செய்கிறார். அவர் இரண்டு கன்ட்ரோலர்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது சென்சார் வச்சது சார். வண்டி எவ்ளோ வேகமா நிக்கப் பாக்குதோ, அதுக்குத் தக்கன பின்னாடி புடிக்கும். ஆனா நேரா, மட்டமா மாட்டணும். இது டைமர் வச்சது. சிக்னல் போனா போதும், வச்ச அளவுக்கு ஏத்தி புடிச்சிடும். எப்படி வேணா மாட்டலாம். ஆனா அந்த சாஃப்டு வராது."

என் வீட்டில் நான் மாட்டிய காலண்டர்கூட ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கும். டைமர் வைத்ததையே எடுத்தேன்.

"மாட்றதுக்கு ஆள் அனுப்பட்டுமா சார்?"

"அதெல்லாம் வேணாம் பாய். நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ." (படித்தது உண்மை. முடித்த பிறகு பல்புகூட மாற்றியதில்லை என்பதும் உண்மை.)

"சரி சார். வெறும் ரோட்ல ஓட்டிப் பாத்துட்டு அளவு வைங்க. அத மட்டும் மறந்துடாதீங்க."

மறந்துவிட்டேன்.

கல்யாண வேலையில் நாளைக் கடத்தி, கிளம்ப வேண்டிய அன்று காலையில்தான் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். மொத்தம் நான்கு வயர்கள். ஒன்று பேட்டரிக்கு, ஒன்று எர்த்துக்கு, ஒன்று டிரெய்லருக்கு. நாலாவதான சிவப்பு வயரில்தான் சூட்சுமம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் வயர் ஒன்று ஜீப்பில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து இந்தச் சிவப்பைச் சேர்க்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டெஸ்ட் விளக்கை ஒவ்வொரு வயரிலும் குத்திப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத அமுதாவை, ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தவளை, கூப்பிட்டேன். நான் கீழே கிடந்ததால் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"நடுவுல இருக்குது பார், அத அமுக்கு" என்றேன்.

"எத?"

"நடுவுல இருக்கறதம்மா! ஜல்தி!"

அமுக்கினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளியே ஏதோ பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. எங்கள் வீடு பஸ் போகும் சாலையில் இருப்பதால் அதெல்லாம் எங்களுக்குக் காற்று மாதிரி. "விடு" என்றேன், விளக்கு அணைந்தது. "அமுக்கு" என்றேன், எரிந்தது. நிலாவில் கால் வைத்தவன்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டான். சிவப்பு வயரை அங்கே இணைத்து, டேப் சுற்றி, எழுந்து சோம்பல் முறித்தேன்.

மத்தியானம் கிளம்பினோம். ஜீப்பின் முகத்தில் அமுதா சாமந்தி மாலை கட்டியிருந்தாள். டிரெய்லரில் பெரிய அண்டா நிறையப் பாயசம், கயிறு போட்டுக் கட்டியது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பிரேக்கை மிதித்தேன். டிரெய்லர் நிற்கவில்லை. முதுகில் யானை முட்டியதுபோல் ஜீப்பைத் தள்ளியது. முன்னால் நின்ற காரின் பம்பரை முத்தமிட ஒரு சாண்தான் மிச்சம்.

"அளவு பத்தல" என்று விளக்கிவிட்டு, கன்ட்ரோலரின் குமிழை முழுக்கத் திருகி உச்சத்தில் வைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மொபெட்டில் ஒருவர் தழைக்கட்டோடு குறுக்கே வந்தார். ஹாரன் அடித்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் ஜீப் குலுங்கியது. டிரெய்லருக்குள் 'தொம்' என்றது.

"என்னங்க அது?"

"ரோடு சரியில்ல."

லாரியை முந்த ஹாரன் அடித்தேன். கிறீச், தொம். மாட்டுக்கு அடித்தேன். கிறீச், தொம். டிரெய்லர் கதவிடுக்கில் பாயசம் ஒழுக ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கி, நான் சக்கரத்தை உதைத்துப் பார்த்தேன். (வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.) அமுதா கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து வண்டியைச் சுற்றிப் பிழிந்தாள். இரண்டுக்கும் ஒரே பலன்தான்.

மாமனார் போன் செய்தார். "எங்க வந்துகினு இருக்கீங்க? மாப்ள ஊட்டுக்காரங்க கெளம்பிட்டாங்களாம்!"

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அமுதா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, நீங்க ஹாரன் அடிக்கறப்பதாங்க அது புடிக்குது."

"அமுதா, இது கரண்ட் சமாச்சாரம். ஒனக்குப் புரியாது."

"ஒருவாட்டி அடிங்களேன்."

அடித்தேன். கிறீச், தொம்.

"இன்னொருவாட்டி?"

"வேணாம். பாயசம் மிஞ்சாது."

பிறகு எனக்குள் ஒரு பயங்கரமான சந்தேகம் எழுந்தது. "காலைல நடுவுல இருக்கறத அமுக்குன்னேனே, நீ எத அமுக்குன?"

அவள் ஸ்டியரிங்கின் நடுவைக் காட்டினாள். "இதத்தான். இதானே நடுவுல இருக்குது?"

மூன்று பெடல்களில் நடுவிலிருக்கும் பிரேக்கைத்தான் நான் சொன்னேன். ஸ்டியரிங்கின் நடுவிலிருக்கும் ஹாரனை அவள் அமுக்கியிருக்கிறாள். பஸ் என்று நான் நினைத்தது எங்கள் ஜீப். சிவப்பு வயர் போய்ச் சேர்ந்தது ஹாரனில்.

கழற்றி மாட்ட நேரமில்லை. டெஸ்ட் விளக்கும் வீட்டில். வேறு வழி தெரியாமல் குமிழைக் குறைத்து வைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஓட்டும்போது ஹாரனைத் தொடுவதில்லை. நிறுத்தும்போது மட்டும் காலால் பிரேக், கையால் ஹாரன். ஆச்சரியம், வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. ஆனால் திண்டிவனம் டவுனுக்குள் நிற்கிற இடமெல்லாம் நாங்கள் பாங்... என்று ஊதிக்கொண்டே நின்றோம். சிக்னலில் நின்ற ஒருவர், "நிக்கறதுக்கு எதுக்குய்யா ஹாரன் அடிக்கற? பெரிய பேஜாரா இருக்குதே!" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மண்டபத்து வாசல் சரிவான தெரு. பிரேக்கை மிதித்தபடி, ஹாரனை அழுத்தியபடி, அங்குலம் அங்குலமாக இறங்கினேன். கையை எடுத்தால் சமையலறை எங்களைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விடும் என்று பயம். (கைபிரேக் என்று ஒன்று உண்டு என்பது அப்போது நினைவில் இல்லை.)

அந்தி வேளை. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூச, முகப்பில் மாலை கட்டிய வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. மண்டபத்தில் இருந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"மாப்ள வந்துட்டாரு!" என்று ஒரு குரல். சரவெடி வெடித்தது. பேண்டு முழங்கியது. கதவைத் திறந்து யாரோ என் கழுத்தில் மாலை போட்டார்கள். என் மாமியார் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டும் வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இது பழைய மாப்ள!"

பின்னால் ஒரு கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. கோட்டு சூட்டோடு ஒருவர் இறங்கி, டிரெய்லரிலிருந்து ஒழுகிய பாயசத்தில் ஷூ படாமல் தாண்டித் தாண்டி என் ஜன்னலுக்கு வந்தார். கயல்விழியின் மாப்பிள்ளை.

"அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுறீங்களா? நான் உள்ள போவணும்."

மாமனார் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அமுதா மட்டும் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு டிரெய்லருக்குள் ஏறினாள். அண்டாவில் பாதிதான் இருந்தது. சுவரெல்லாம் முந்திரி. பெரிய டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, காபிக்கு வைத்திருந்த சின்னக் கப்புகளில் ஊற்றி நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் குடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டு வந்தபோது அண்டா காலி.

"அவ்ளோ சீக்கிரம் தீந்துபோச்சே, என்னா ருசி!" என்று மாப்பிள்ளையின் அத்தை எல்லோரிடமும் சொன்னார். அந்த வாய் விளம்பரத்தில் அன்றைக்கே அமுதாவுக்கு இரண்டு விசேஷங்கள் உறுதியாகின. இன்று மயிலம், கண்டாச்சிபுரம் வரை அவளைக் கூப்பிடுகிறார்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே காதர் பாய் அனுப்பிய ஆள் வந்து வயரை மாற்றிக் கொடுத்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கயல்விழியின் கல்யாண ஆல்பத்தில் முதல் ஆரத்திப் படம் என்னுடையதுதான். கழுத்தில் மாலை, நெற்றியில் பொட்டு, முகத்தில் மரண பயம், கை ஹாரனில். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

குடும்பம் கூடுகிற இடத்தில், மனை விற்கிற பழக்கத்தில், நான் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தால், யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை. மாமனார் ஆள்காட்டி விரலால் காற்றில் அழுத்தி, "பாங்" என்கிறார்.

நான் உடனே நின்றுவிடுகிறேன்.