கல்யாணக் காரில் புண்ணாக்கு மூட்டை

முன்பின் தெரியாதவர்கள் காரியத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். நான் மூக்கோடு நிறுத்தவில்லை. முழு உடம்பையும், கூடவே ஒரு புண்ணாக்கு மூட்டையையும் நுழைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு இரண்டு கறவை மாடுகள். தாம்பரம் மார்க்கெட்டில் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு சர்ச் வாசலில் ரோஜாவும் வெள்ளை ரிப்பனும் கட்டிய கறுப்புக் கார் நின்றது. உள்ளே கல்யாணம். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் (கதவைப் பூட்டாமல், மகராசன்). அதற்குள் போலீஸ் லாரி வந்து காருக்குச் சங்கிலி மாட்டிவிட்டது. மந்திரி வருகிறாராம், ரோட்டில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாதாம்.

“நமக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?” என்று கூட்டம் கைகட்டி வேடிக்கை பார்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மோதிரம் மாற்றிக்கொண்டு வெளியே வரும் பெண், கார் இல்லாமல் வெயிலிலா நிற்பாள்?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் திரியும் மாட்டைப் பஞ்சாயத்துக்காரர்கள் பவுண்டுப் பட்டியில் அடைக்க ஓட்டிப்போகும்போது, யாராவது ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள். கேட்க ஆள் இருக்கிற மாட்டை அடைப்பதில்லை. காருக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்தேன். (சட்டம் படித்தவர்களுக்கு வராத தைரியம் எனக்குப் படிக்காமலே வரும்.) பின்கதவைத் திறந்து, மூட்டையோடு ஏறி உட்கார்ந்தேன்.

லாரி இழுக்கும்போது காரைத் திருப்ப, முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் திரும்பினார்.

“இன்னாம்மா இது? எறங்கு!”

“எறங்க மாட்டேன். வண்டில ஆள் கீதுல்ல? எப்படி இழுப்பே?”

“இப்படித்தான்” என்றார். லாரி கிளம்பிவிட்டது.

கடைத்தெரு முழுக்க எனக்கு ஊர்வலம். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், “பொண்ணு கொஞ்சம் முத்தலா கீதே” என்றார். (எனக்கு முப்பதுகூட ஆகவில்லை!) சைக்கிள் கடை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையை ஆட்டினேன். அவர் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது.

ஸ்டேஷன் வாசலில் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

“பொண்ணுக்கு நீ என்னம்மா உறவு?”

“ஒண்ணுமில்ல சார். பேருகூடத் தெரியாது.”

“அப்புறம் ஏன் ஏறினே?”

“தெரிஞ்சவங்க எல்லாம் உள்ள ஜெபத்துல கீறாங்க. வெளில நின்னவ நான்தானே? புதுப்புடவையோட அந்தப் பொண்ணு உங்க ஸ்டேஷனுக்கு வந்து நிக்கணுமா? வண்டிய அனுப்புங்க. இல்லாங்காட்டி இங்கயே குந்திக்கினு இருப்பேன்.”

அப்போதுதான் மந்திரியின் கார் ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். கார் டிரைவரும் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார்.

“யோவ், வண்டிய எடுத்துக்கினு போய்யா. இந்தம்மாவையும் சேர்த்து!”

பெண்ணும் மாப்பிள்ளையும் சர்ச் படியிறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றோம். பேண்டு வாத்தியம் முழங்கியது. கதவைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை புண்ணாக்குத் தூளோடு நான் இறங்கினேன். வாத்தியம் பாதியில் நின்றது.

டிரைவர் நடந்ததைச் சொன்னதும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, முன்னாடி ஏறுங்க. உங்களை வீட்டுல விட்டுட்டுதான் நாங்க போவோம்.” ஏறினேன். (விடுவேனா?) ராஜகீழ்ப்பாக்கம் வரை மாப்பிள்ளை தும்மிக்கொண்டே வந்தார்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “என்னைக் கட்டிக்கினு நடந்து வந்தா. போலீசோட கார்ல போனா!” இப்போது பேரப்பிள்ளைகள் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று கைகட்டி நின்றார்களே, அவர்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்க என்ன இருக்கிறது?