இரண்டு மனுவிலும் என் கையெழுத்து

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் மது அருந்தியிருக்கிறேன். அந்த ஒரு நாளிலேயே இரண்டு மாநிலங்களுக்கும் துரோகியாகிவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில், மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்றதும் ஓசூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு முறைப்பு. கெலமங்கலம் பள்ளியில் நான் தமிழ் வாத்தியார், ருத்ரப்பா கன்னட வாத்தியார். எங்கள் தாலுகா சென்னையோடு இருக்க வேண்டும் என்ற மனுவுக்கு நான் கையெழுத்து வாங்கினேன். மைசூரோடு சேர வேண்டும் என்ற மனுவுக்கு அவர் வாங்கினார். பத்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட நாங்கள் ஆறு மாதமாகப் பேசவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"மேஷ்ட்ரே, எஸ்டேட் வெள்ளைக்கார துரை சீமைக்குப் போறப்ப ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போனாரு. வெள்ளை ஒயினாம். தனியாக் குடிக்க மனசு வரல."

மதுவிலக்கு இருந்த காலம். பிடிபட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. (உடனே செருப்பை மாட்டிக்கொண்டேன்.)

அவர் நிலத்துக் கிணற்றில் பாட்டிலைக் கயிறு கட்டி இறக்கிக் குளிரவைத்திருந்தார். தக்கையை எடுக்கத் தெரியாமல் குடைக்கம்பியால் உள்ளே தள்ளினோம். முதலில் காய்த் திராட்சையின் புளிப்பு. பிறகு தொண்டையில் மெல்லிய இனிப்பு. பேசத் தொடங்கினோம். அந்த ஆறு மாதத்தில் அவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். எனக்குத் தெரியாது.

மூன்றாவது டம்ளரில் எனக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

"உங்க மனுவை எடுங்க சார், நானும் போடறேன்."

"வேணாம் மேஷ்ட்ரே. காலையில யோசிக்கலாம்."

பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். போதாதென்று கீழே "தமிழாசிரியர்" என்றும் எழுதினேன். அடித்தல் திருத்தம் இருந்தால் மனு செல்லாது என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து அதிகாரி வந்து, ஊர் கூடியிருக்க, மனுக்களைப் புரட்டினார்.

"ரெண்டுலயும் ஒரே பேர் இருக்கே. யார் இது?"

எப்படிப் போட்டேன் என்று சொன்னால் பாட்டில் வெளியே வரும். சொல்லாவிட்டால் நான் துரோகி.

ருத்ரப்பா எழுந்தார். "எங்க மனுவுல இருக்கறது நான் போட்டதுங்க. ஒரு பேர் கூடட்டும்னு எழுதிட்டேன்."

கன்னட வாத்தியாருக்கு இத்தனை அழகான தமிழ்க் கையெழுத்து எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரு பக்கத்தாரும் அவரைத் திட்டினார்கள். எங்கள் ஆட்கள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அந்த ஏச்சுக்குப் பிறகு அவர் மைசூர்ப் பக்கம் வேறு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு போன அன்று பஸ் ஏற்றிவிடப் போனேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தொடங்கியதுமே கையமர்த்தினார்.

"நீங்க சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஜெயில்ல இருப்போம். விடுங்க. ஒயின் நல்லா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு சார்."

அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் நான் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் என் மகள் வாங்கிப் பார்த்து, "இது நீங்க போட்டதாப்பா, ருத்ரப்பா மாமா போட்டதா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.