புழு அரித்த பேரரசு

மண்டபத்தில் நிற்க இடமில்லை. மாடிப்படியில் ஆள், ஜன்னலில் ஆள், செருப்பு விடும் இடத்திலும் ஆள். உலகம் முடியப்போகிறது என்றால் நம் ஜனங்களுக்கு வேலை வெட்டி எல்லாம் மறந்துபோகும். முன்வரிசை நாற்காலி மட்டும் மறக்காது.

மேடையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சிலை. தங்கத் தலை பாபிலோன், வெள்ளி மார்பு பாரசீகம், வெண்கல வயிறு கிரேக்கம், இரும்புக் கால் ரோமாபுரி. களிமண் கலந்த பாதம்தான் நாம் வாழும் காலமாம், அது நொறுங்கும் நாள்தான் உலகத்தின் முடிவாம். என்றோ ஒரு ராஜா கண்ட கனவுக்குத் தானியேல் தீர்க்கதரிசி சொன்ன விளக்கம் அது. அதைச் சொந்தச் சரக்காக்கி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தவருக்குக் 'காலக்கண்ணாடி ஐயா' என்று பெயர்.

மூன்றாவது வரிசையில் இருந்த அவளுக்கு அந்தச் சிலையின் பூர்வோத்திரம் தெரியும். செய்தவரே அவள் புருஷன்தான். வெல்டர். தகரத்தை வளைத்துத் தலை செய்தார். டப்பாவில் மிஞ்சிய தங்கப் பெயிண்டை வீட்டு கேட்டுக்கு அடித்தார். அதே மனுஷன் இப்போது அந்தத் தலையைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார்.

கலங்கினால் கலங்கட்டும். ஆனால் பாதம் நொறுங்குமுன் தப்பிக்க ஐயாவின் 'அடைக்கல நகரத்தில்' இடம் பிடிக்க வேண்டுமாம். இடம் வேண்டுமானால் குடியிருக்கும் வீட்டை எழுதிக்கொடுக்க வேண்டுமாம். உலகமே அழியும்போது ஐயாவுக்கு வீடுகள் எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெல்டரின் மடியில் பத்திரம் தயாராக இருந்தது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்து.

முந்தின நாள் காலையில் கெஞ்சிப் பார்த்திருந்தாள்.

"ஏங்க, ரெண்டு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?"

"அடைக்கல நகரத்துல."

"அது எங்க இருக்கு?"

"ஐயாவுக்குத் தெரியும்."

"போன வாரம் மழை கொட்டிப் பந்தலே சாஞ்சுதே, அது ஐயாவுக்குத் தெரியலையே?"

"மழையெல்லாம் சின்ன விஷயம். ஐயா பேரரசு லெவல்ல பாக்குறவரு."

இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வேலை பார்ப்பது கால்நடை மருந்துக்கடையில். அன்று புதுச்சரக்கு வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது ஒரு மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் படித்தாள். இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அந்த அட்டையைக் காசு போட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மேடையில் ஐயாவின் பிரசித்தமான கட்டம் வந்தது. யாரும் ஒரு பேரரசின் பெயரைச் சொல்லலாம். ஐயா கண்ணை மூடி, வேதத்தைப் புரட்டி, விரலை வைப்பார். அது எழுந்ததும் விழுந்ததும் அந்த வரியில் இருக்கும். அசீரியா என்றார்கள், இருந்தது. மங்கோலியா என்றார்கள், அடடா, அதுவும் இருந்தது! விரல் எங்கே இறங்கினாலும் யாரோ ஒரு ராஜா செத்துக்கொண்டிருந்தான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அவள் எழுந்தாள்.

"ஐயா, கொர்பாந்தியாப் பேரரசு பத்திச் சொல்லுங்க."

வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்குப் பெருமை.

ஐயா கண்ணை மூடினார். மூடிய வேகத்தில் திறந்தார்.

"கொர்பாந்தியா! பெரிய சாம்ராஜ்யம், சகோதரி. பாரசீகத்துக்கே கப்பம் கட்டாத தேசம்."

"தலைநகரம் இருந்துச்சுங்களா?"

"ஏழு வாசல் வெச்ச தலைநகரம்! ராஜா கர்வம் பிடிச்சவன். எச்சரிச்சாங்க, கேக்கல." விரல் ஒரு வரியில் இறங்கியது. "இதோ! புழு! புழு அரிச்சே அழிஞ்சுபோச்சு அந்தச் சாம்ராஜ்யம்!"

கூட்டம் சிலிர்த்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "ஆமா, நான் படிச்சிருக்கேன்" என்று தலையாட்டினார். எந்தப் பள்ளிக்கூடத்திலோ!

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா ஐயா?"

"பாபிலோன் எவ்வளவு நிஜமோ, அவ்வளவு நிஜம்!"

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"இதுதாங்க கொர்பாந்தியா. நாய்க்குப் போடுற பூச்சி மாத்திரை. நேத்துதான் எங்க கடைக்கு வந்துச்சு. இந்தப் பேர்ல எந்தப் பேரரசும் இல்ல. ஆனா புழுன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் சரி."

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று. வாத்தியார் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"விசுவாசத்தைச் சோதிக்கிறியா, பெண்ணே!" என்று ஐயா இரைந்தார். சகோதரி அதற்குள் பெண்ணாகிவிட்டாள்.

"விசுவாசத்தை இல்லீங்க. உங்களைத்தான்."

ஐயா தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் பக்கக் கதவு வழியாகப் போனார். திரும்பி வரவில்லை. எல்லாப் பேரரசும் விழும் நாளை அறிந்தவருக்குத் தன் பேரரசு விழும் நாள் மட்டும் எந்த வரியிலும் அகப்படவில்லை போலும்.

வெல்டர் சிலையைப் பார்த்தார். தகரம் தகரமாகத் தெரிந்தது. பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

தெருவில் நடக்கும்போது மெதுவாகக் கேட்டார். "அப்போ பாபிலோன் விழுந்ததும் பொய்யா?"

"அது நிஜம்தாங்க. விழுந்து எத்தனையோ காலமாச்சு. விழுந்துபோனதைச் சொல்றதுக்கு ஒரு ஆளு, அதுக்குக் கூலி நம்ம வீடா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

"கடையில தினம் பாக்குறேன்" என்றாள் அவள். "மாத்திரையைக் கறிக்குள்ள ஒளிச்சுக் குடுத்தாக்கூட நாய் மோந்து பாத்துட்டுத்தான் வாயைத் திறக்குது. நமக்கு என்ன, மூக்கு இல்லையா?"