புளியமரத்து ஸ்பீக்கர்

எல்லாம் என் வயிற்றால் வந்தது. கல்யாணப் பந்தி போட்டாச்சு என்று யாரோ சொன்னதும், பாட்டு ரிக்கார்டை நிறுத்தி, மைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வாணியம்பாடி மக்பூல் சவுண்ட் சர்வீஸை ஜவ்வாது மலையில் தெரியாத ஆள் கிடையாது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு கோர்ட்டிலும் தெரிந்துவிட்டது.

ரசத்துக்கு இலையில் அணை கட்டிக்கொண்டிருந்தேன். புளியமரத்து உச்சியில் கட்டிய ஸ்பீக்கரிலிருந்து, மலையில் ஆடும் தேனுமாகப் பிழைக்கும் பாஞ்சாலையின் குரல் வந்தது.

"எங்க ஆடு காட்டுக்குள்ள நொழைஞ்சா ரேஞ்சரு அபராதம் போடுறாரு. எங்க தேனு மட்டும் அவுரு வூட்டுக்குள்ள ஓசியில நொழையுதே, அதுக்கு இன்னா அபராதம்?"

மூன்று மலைக்குக் கேட்டது. பந்தியே சிரித்தது. என் பக்கத்து இலையில் ரேஞ்சருக்குப் புரையேறியது.

எமர்ஜென்சி சமயம். ஊரே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது. அரசாங்க அதிகாரியை அவமதித்ததாகப் பாஞ்சாலை மேல் வழக்கு. தனி ஆள்; அவள் ஜெயிலுக்குப் போனால் முற்றி நிற்கும் சாமையை அறுக்க நாதியில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ரேஞ்சரிடம் ஓடினேன்.

"சார், அணைக்க மறந்தது நான். அந்தம்மா வழக்கமா வூட்டுல பேசுறதுதான் வெளிய கேட்டுடுச்சு."

"வழக்கமாவா?" என்றவர், புகாரில் 'தினந்தோறும்' என்று சேர்த்துவிட்டார்.

கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன். "எதிர்லயே மைக் இருந்துச்சே, பாக்கலியாக்கா?"

"நாள் தள்ளுனா சாமை கொட்டிடும் பாய்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் எனக்கு மூளை வேலை செய்தது. அதுதான் ஆபத்து.

"அய்யா, அது அவங்க குரலே இல்லீங்க. ரிக்கார்டு."

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். ஒல்லியான மனுஷன், காலரில் ஒட்டுத் தையல்.

"அப்படி ஒரு ரிக்கார்டு இருந்தா நானும் கேக்கணுமே. கொண்டாங்க."

உடனே மாற்றிப் பேசினேன். "இல்லீங்க... மைக் ஆன்ல இருந்துச்சு. தெரியாம பேசிட்டாங்க!"

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "காலம் எப்படி இருக்குதுன்னு கோர்ட்டார் கவனிக்கணும்."

"கவனிச்சுக்கிட்டேதான் எழுதுறேன்" என்றார் மாஜிஸ்திரேட், தலையைத் தூக்காமல்.

பிறகு படித்தார். "தெரியாமல் பேசினார் என்று இவரை விட்டால், தெரிந்து பேசுகிற வாய்க்கெல்லாம் நான் பூட்டுப் போட்டதாகும். தெரிந்தே பேசியிருந்தாலும் குற்றமில்லை. அதிகாரியைப் பற்றி வீட்டுக்குள் சொல்லக்கூடியதை, மலைக்கே கேட்கும்படி சொல்லவும் இவருக்கு உரிமை உண்டு. விடுதலை."

இந்த மாஜிஸ்திரேட்டை நாளைக்கே எந்தக் கோடிக்கும் தூக்கி அடிக்கலாம். அது அவருக்கும் தெரியும். இருந்தும் ஒற்றை ஆள், ஒரு மைப்பேனா. நான் பேட்டரி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் சுமந்து மூன்று மலையை எட்டினேன். அவர் மைக்கே இல்லாமல் மெல்லப் படித்தது இன்னும் எனக்குக் கேட்கிறது.

வெளியே வந்து கையைப் பிசைந்தேன். "மன்னிச்சுடுக்கா. நான் அணைக்க மறந்ததால உனக்கு எவ்ளோ கஷ்டம்! இப்பவாச்சும் சொல்லு, மைக் ஆன்ல இருந்தது நெசமாவே உனக்குத் தெரியாதா?"

பாஞ்சாலை கோர்ட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நீ அணைச்சுட்டுத்தான் துன்னப் போன பாய். ஒம் பொட்டியில செவப்பு லைட்டு எரியிற வரைக்கும் திருகிட்டு, அப்புறந்தான் பேசுனேன்."