பேனரின் மறுமுனை

பொறாமைக்காரிகள் போராட்டத்துக்குப் போகக்கூடாது. ஊரெல்லாம் அரசாங்கத்தை எதிர்த்துக் கத்தும்போது, ஒருத்தியை மட்டும் முறைத்துக்கொண்டு நடப்பது மிகவும் சிரமமான வேலை.

சில வருஷங்களுக்கு முன்பு இலங்கையில் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கிய நாட்கள் அவை. கருத்துச் சுதந்திரம் பறிபோனது என்று எல்லோரும் கொதித்தார்கள். எனக்குப் பறிபோனது நிரோஷனின் பச்சைப் புள்ளி. அவன் எப்போது ஒன்லைனில் இருக்கிறான், அவன் படங்களுக்குக் கீழே ஷாமினி என்ற ஒருத்தி எத்தனை இதயம் போட்டிருக்கிறாள் என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. (நிரோஷன் இப்போது என் கணவர். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாயில் 'அவன்'தான் வருகிறது.) மற்றவர்கள் வி.பி.என் போட்டுக் குறுக்கு வழியில் உள்ளே போய்விட்டார்கள். என் பழைய போனில் அதற்கு இடமில்லை. முழுக்க அவன் படங்கள். நேரே அழைத்துக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் பொறாமை என்று தெரிந்துவிடுமே.

தடை நீங்கினால்தான் எனக்கு விடிவு. ஆகவே வெள்ளவத்தையில் இளைஞர்கள் ஊர்வலம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கணக்கியல் வகுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன்.

காலி வீதியில் இறங்கினால், தடையை நீக்கச் சொல்லி மூன்று மொழியிலும் எழுதிய நீளமான பேனர் ஒன்று முன்னால் வருகிறது. ஒரு முனையின் கம்பைப் பிடித்திருந்தவன் நிரோஷன். மறுமுனையில் ஷாமினி. இருவரும் ஒரே துணியைப் பிடித்து நடந்தது, மணவறையைச் சுற்றி வருவதுபோலவே எனக்குப் பட்டது.

நேரே அவளிடம் போனேன். களைத்துவிட்டீர்கள், தாருங்கள், நான் பிடிக்கிறேன் என்று தேனாகப் பேசினேன். அவள் நன்றி சொல்லிக் கம்பைத் தந்தாள். அதன் பிறகுதான் என் மூளை வேலை செய்தது. ஒரு பேனரின் இரண்டு கம்புகளையும் பிடித்திருப்பவர்கள் எப்போதும் ஆளுக்கொரு கரையில்தான் நடக்கவேண்டும். இப்போது கரையில் மாட்டிக்கொண்டது நான். கை சும்மா இருந்த ஷாமினி ஆறுதலாக நடந்து போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கதைத்தார்கள். அவள் கண்ணைத் துடைத்தாள். துடைக்கச் சொல்லி அவன் தன் லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, எடுத்துக் கொடுத்தான். அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த லேஞ்சி! என் கால்கள் தாமாகவே அவர்கள் பக்கம் போக, பேனர் தொய்ந்து எழுத்தெல்லாம் மடிந்தது. பின்னால் வந்த சிங்களப் பெடியன் ஒருவன், "நங்கி, பெனர் எக்க அதின்ன" என்று, தங்கச்சி முறை வைத்து, பேனரை இழுத்துப் பிடிக்கச் சொன்னான். இழுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொய்ந்தது. பம்பலப்பிட்டி வரைக்கும் இதே கதைதான்.

ஊர்வலம் கலைந்ததும் கம்பைப் போட்டுவிட்டு ஓடிப் போய், ஏன் அழுதாய் என்று ஷாமினியை விசாரித்தேன். (உறுமினேன் என்பது கணவரின் சாட்சியம்.)

"எனக்குப் பேசின மாப்பிள்ளை கனடாவில. வி.பி.என் போட்டாலும் லைன் வெட்டுப்படுது. அவர் ஆரோட கதைக்கிறாரோ எண்டு நினைச்சா நித்திரையே வருகுதில்லை" என்றாள்.

கருத்துச் சுதந்திரத்துக்காக வந்த இன்னொரு வீராங்கனை! அந்த இடத்திலேயே அவளை மன்னித்துவிட்டேன். லேஞ்சியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

தடை நீங்கியதும் ஊரெங்கும் பரவியது, ஊர்வலத்தில் யாரோ எடுத்த என் படம்தான். எல்லோரும் முன்னால் பார்த்துக் கோஷம் போட, நான் மட்டும் பக்கவாட்டில் எரித்துவிடுவதுபோலப் பார்க்கிறேன். இளைய தலைமுறையின் கோபம் என்று யாரோ தலைப்பு வேறு போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் துணிச்சலைப் புகழ்ந்து எழுதினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் போனில் அம்மாவும் பார்த்தார். கணக்கியல் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அரசாங்கத்தை ஒருத்தியும் இப்பிடிப் பாக்கமாட்டாள். ஆர் அந்தப் பெடியன்?"

அதோடு எல்லாம் வெளியே வந்து, கல்யாணத்தில் போய் முடிந்தது. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் கணவர் யாரோடாவது சிரித்துக் கதைத்தால் என் முகம் மாறுகிறதாம். முதலில் கவனிப்பது அம்மாதான். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "நங்கி, பேனர் தொய்யுது" என்பார். சொந்தக்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். கணவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பார். வந்ததும் முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் காட்டுவார்.